லடாக் பையில் எதைக் குறைப்பது, எடுத்த படங்களை எங்கே பத்திரப்படுத்துவது?

தாமிரபரணிக் கரையோன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர்க் கடைசியில் நானும் என் துணைவியாரும் மைத்துனரும் 11 நாள் பயணமாக லடாக் செல்கிறோம். மதுரையிலிருந்து தில்லி வழியாக லே வரை விமானம். அங்கே மூன்று இரவு தங்கி, உடம்பு அந்த உயரத்துக்குப் பழகிய பிறகு, நுப்ரா, பாங்காங், ஹன்லே, சோ மோரிரி என்று வாடகை வண்டியில் சுற்றிவிட்டு லேவுக்கே திரும்புகிறோம். ஹன்லேயில் இரண்டு இரவு வைத்திருப்பது பால்வீதியைப் படமெடுப்பதற்காகத்தான். அமாவாசையைப் பார்த்தே நாள் குறித்தோம்.

நேற்றிரவு பையை அடுக்கி எடை போட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. நிக்கான் டி7500 கேமரா, 18-140, 10-20, 35 மி.மீ. எஃப் 1.8, பறவைகளுக்காக வாங்கிய 200-500 ஆகிய லென்ஸ்களே ஏறத்தாழ 4 கிலோ வந்துவிட்டன. மடிக்கணினியும் அதன் சார்ஜரும் இரண்டரை கிலோவுக்கு மேல். வெறும் பையே ஒன்றரை கிலோ. விமானத்தில் கையில் எடுத்துச்செல்ல எங்களுக்கு அனுமதித்திருப்பது 7 கிலோதான். முக்காலியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

படங்களைப் பற்றிய கவலை வேறு. முன்பு வைத்திருந்த டி7200இல் கார்டு போட இரண்டு இடங்கள் இருந்தன; ஒரே படம் இரண்டிலும் பதிவாகும், நிம்மதியாக உறங்கலாம். டி7500இல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். என்னிடம் 128 ஜி.பி. கார்டு ஒன்றும், பழைய 32 ஜி.பி. கார்டுகள் இரண்டும் இருக்கின்றன. ஒவ்வோர் இரவும் மடிக்கணினி வழியாக 1 டி.பி. ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, கார்டை அழித்து, மறுநாள் அதையே பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். எதை வீட்டில் விட்டுச்செல்லலாம், இந்த நகல் ஏற்பாடு போதுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


கருவேலங்காட்டான் எழுதுகிறார்:

வணக்கம் நண்பரே. 200-500ஐ அலமாரியிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். அது மட்டும் 2.3 கிலோ. ஊரில் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு அதைத் தூக்குவது வேறு, 4,500 மீட்டர் உயரத்தில் நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும் இடத்தில் தூக்குவது வேறு. ஹன்லேப் பக்கம் கருங்கழுத்துக் கொக்கும், கியாங் எனப்படும் காட்டுக் கழுதையும் கண்ணில் படும் என்பதால் ஆசை எழுவது இயல்பே. ஆனால், வெயில் ஏறிய பிறகு அந்த வெட்டவெளியில் கானல் அலையடிக்கும். தொலைவில் நிற்கும் கொக்கு 500 மி.மீ.யில் நெளிந்து நெளிந்துதான் பதிவாகும். நான் இதை அனுபவித்துவிட்டே சொல்கிறேன். தொலைவுக்கு ஒன்று வேண்டும் என்றால், உங்கள் கேமராவுக்கான ஏ.எஃப்.-பி வகை 70-300ஐ யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் எடை 415 கிராம்தான்.

பகலில் பெரும்பாலும் 18-140 மட்டுமே கேமராவில் இருக்கட்டும். குறிப்பாக நுப்ராவின் ஹுண்டர் மணல்மேட்டில் லென்ஸ் மாற்றாதீர்கள். அங்கு மாலையில் எழும் காற்றில் பறக்கும் மணல் மாவைப்போல நுண்ணியது, கேமராவின் வாயைத் திறந்ததும் சென்சாரில் போய் ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் பயந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைக்கிறோம். அங்கே அவற்றுக்கு வேலையே இல்லை. பதிலாக ஊதுபந்து ஒன்றை எடுத்துச்செல்லுங்கள்.

பால்வீதிக்கு உங்களிடம் இருப்பதே போதும் என்றாலும், எது எதற்கு உதவும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தாலும் (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்), உங்கள் கேமராவின் சிறிய சென்சாருக்கான 1.5 என்ற பெருக்கெண்ணாலும் வகுத்தால், விண்மீன்கள் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி திறந்துவைக்கலாம் என்பது உத்தேசமாகக் கிடைக்கும். 10 மி.மீ.யில் 33 விநாடி, 35 மி.மீ.யில் ஒன்பதரை விநாடிதான். ஆனால், 10-20 லென்ஸ் எஃப் 4.5க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). எஃப் 2.8 வரை திறக்கும் லென்ஸ் அதைவிட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆகவே 11-16 எஃப் 2.8 ஒன்றை வாடகைக்கு எடுத்து, 10-20ஐ வீட்டில் வைத்துவிடுவது என் யோசனை. 35 மி.மீ.யைக் கைவிட வேண்டாம்; அது வெறும் 200 கிராம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, ஒன்றையொன்று மேவும்படி ஏழெட்டுப் படங்கள் எடுத்து ஒட்டினால், பால்வீதி நீங்கள் எதிர்பார்ப்பதைவிடத் துல்லியமாக வரும்.

முக்காலியைக் குறைத்து எடை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அதைப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பிவிடுங்கள்.


ஏட்டுக்கணக்கன் எழுதுகிறார்:

லென்ஸ் பற்றி மேலே சொல்லப்பட்டவற்றில் எனக்கும் உடன்பாடே. நகலெடுக்கும் ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் ஓட்டை இருக்கிறது. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அந்த ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டு உள்ள சாதாரண ஹார்டு டிஸ்கில், படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும்போது அதனோடு இழுபட்டு வரும் காற்றின் மேல், மயிரிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. காற்றழுத்தத்தைச் சமன்செய்ய அந்தப் பெட்டியில் வடிகட்டியுடன் சின்னத் துளை ஒன்றும் இருக்கும். காற்று மெலிந்தால் முனையைத் தாங்கும் மெத்தையும் மெலிகிறது. இதனால்தான் பெரும்பாலான ஹார்டு டிஸ்குகளின் விவரக்குறிப்பில், இயங்கும் நிலையில் 3,048 மீட்டர் உயரம் வரை, அதாவது 10,000 அடி வரை என்று எழுதியிருப்பார்கள். லே நகரே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாங்காங்கும் ஹன்லேயும் அதற்கும் மேலே. லேயில் ஹார்டு டிஸ்கை இயக்கி ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால், இருக்கும் ஒரே நகலை அந்த வரம்புக்கு வெளியே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பானேன்? சிப்பில் பதிவு செய்யும் எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, மிதப்பதும் இல்லை. சாம்சங் டி7 போன்றது 58 கிராம்தான், சட்டைப் பையில் அடங்கிவிடும்.

இரண்டாவது, கார்டை அழித்து மறுபடி பயன்படுத்துவது. இரவில் ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டுக் கார்டை அழித்த அந்த நொடியில், உங்களிடம் இருப்பது மீண்டும் ஒரே பிரதிதான். இடம் மாறியிருக்கிறதே தவிர எண்ணிக்கை கூடவில்லை. கார்டுகளையே முதல் பிரதியாக வைத்துக்கொண்டு ஊர் திரும்பும்வரை எதையும் அழிக்காமல் இருந்தால், ஒற்றைக் கார்டு இடம் என்ற குறை பாதி தீர்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டி7500இல் ரா கோப்பு (சென்சார் பதிந்ததைச் சுருக்கிக் கெடுக்காமல் வைக்கும் கோப்பு) ஒன்று சுமார் 25 எம்.பி.; நாளொன்றுக்கு 400 படம் என்றாலும் 10 ஜி.பி., 11 நாளுக்கு 110 ஜி.பி. ஹன்லேயில் 10 விநாடிக்கு ஒன்று என்று ஒரு மணி நேரம் டைம்லாப்ஸ் எடுத்தால் 360 படம், 9 ஜி.பி. எல்லாம் சேர்த்தாலும் 64 ஜி.பி. கார்டுகள் மூன்று தாராளமாகப் போதும். அந்த 128ஐ அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கார்டு ஒன்றைவிடச் சிறியவை மூன்று மேல் என்பேன், ஏனெனில் ஒன்று கெட்டாலும் தொலைந்தாலும் போவது மூன்று நான்கு நாட்கள்தான், முழுப் பயணமும் அல்ல.

மடிக்கணினியையும் விட்டுச்செல்லலாம். டைப் சி ஹப் ஒன்றை வாங்குங்கள். அதில் கார்டு செருகும் இடம், எஸ்.எஸ்.டி.க்கு ஒரு வாய், மின்சாரம் உள்ளே வர ஒரு வாய் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அதைத் தொலைபேசியில் இணைத்தால், கோப்பு மேலாளர் செயலியிலிருந்தே கார்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு நேராக நகலெடுக்கலாம். நகல் ஓடும்போது திரை அணைந்தால் சில தொலைபேசிகள் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். ஆகவே திரை எரிந்துகொண்டே இருக்கட்டும், அந்த நேரத்தில் அழைப்பு எதையும் எடுக்காதீர்கள். முடிந்ததும் இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு எஸ்.எஸ்.டி.யில் உள்ள கடைசிப் படத்தையும் நடுவில் ஒன்றையும் திறந்து பாருங்கள். பெயர் இருந்தும் திறக்காத கோப்புகளை நான் கண்டிருக்கிறேன்.


முத்துநகராள் எழுதுகிறார்:

அண்ணன் சொன்ன முறையில்தான் நானும் நான்கு ஆண்டுகளாகப் படங்களைக் காக்கிறேன். அதற்கு முன்பு நான் செய்த பிழை ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். தனுஷ்கோடியில் மூன்று நாள் படமெடுத்தபோது, என் பழைய கேமரா கார்டை மாற்றும்போதெல்லாம் கோப்பு எண்ணை 0001இலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு, அதே அடைவில் நகலெடுத்தபோது, இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா என்று திரையில் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் அனைத்துக்கும் ஆம் என்று தட்டிவிட்டு, கையோடு முதல்நாள் கார்டையும் அழித்துவிட்டேன். இடிந்த தேவாலயத்தின் மேல் விழுந்த முதல்நாள் மாலை வெயில் அதோடு போயிற்று. ஆகவே, கேமராவில் கோப்பு எண் தொடர்ந்து ஏறும்படி அமைத்துவிடுங்கள், எஸ்.எஸ்.டி.யில் ஒவ்வோர் இரவுக்கும் தேதியும் கார்டின் எண்ணும் சேர்ந்த பெயரில் புதிய அடைவு தொடங்குங்கள். கார்டுகளின் மேல் 1, 2, 3 என்று பேனாவால் எழுதிவைப்பதும் நல்லது. நிறைந்த கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டைத் தள்ளிவிட்டால், அசதியில் அதையே மறுபடி போட்டாலும் கேமரா எழுத மறுத்துவிடும்.

இரண்டு பிரதிகளும் ஒரே பையில் பயணம் செய்தால் அவை ஒரு பிரதிதான். வாடகை வண்டியின் கூரையில் கட்டிய பை ஒன்று வழியில் அவிழ்ந்து விழுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். நிறைந்த கார்டுகள் உங்கள் இடுப்புப் பையிலும், எஸ்.எஸ்.டி. உங்கள் மைத்துனரின் தோள் பையிலும் இருக்கட்டும். உண்ணும்போதும் அவற்றை வண்டியில் விட்டுச்செல்ல வேண்டாம்.

இணையத்தில் ஏற்றிவைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்தால் அதை லேயுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது; போஸ்ட்பெய்டு இருந்தால்தான் சிக்னலே வரும், அதுவும் பாங்காங், ஹன்லேப் பக்கம் வந்தால் வந்ததுதான். நல்ல வைஃபை கிடைத்தாலும், நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் 30 ஜி.பி.யை ஏற்ற 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் கேமராவில், படங்களைத் தொலைபேசிக்கு அனுப்பும் ஸ்னாப்பிரிட்ஜ் வசதி இருக்கிறதல்லவா? ரா கோப்புடன் ஜே.பி.இ.ஜி.யும் சேர்த்து எடுத்தால், 2 மெகாபிக்சல் அளவில் சிறிய நகல்கள் தானாகவே தொலைபேசிக்கு வந்துவிடும். அச்சிட உதவாது என்றாலும், எல்லாம் தொலைந்தாலும் பார்த்து ஆறுதலடைய ஏதோ மிஞ்சும். பேட்டரியைக் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான்.


பனைநிழல் எழுதுகிறார்:

பேட்டரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. செப்டம்பர்க் கடைசியில் ஹன்லேயில் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். லித்தியம் பேட்டரி குளிரில் சுருண்டுவிடும். பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். அதைக் கழற்றி உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கே சூடாக இருந்த மற்றொன்றைப் போடுங்கள். அரை மணி கழித்துப் பழையது மீண்டும் உயிர் பெற்றிருக்கும். மொத்தம் மூன்று வேண்டும். டி7500ஐ யு.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் செய்ய முடியாது என்பதால், அதன் சார்ஜரை மறந்துவிடாதீர்கள். ஏரிக்கரைத் தங்குமிடங்கள் சிலவற்றில் மாலையில் சில மணி நேரம்தான் மின்சாரம் இருக்கும். வந்ததும் முதலில் பேட்டரி, பிறகு பவர் பேங்க், கடைசியில் தொலைபேசி என்ற வரிசையில் செருகுங்கள்.

கூடுதல் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். 100 வாட் மணி வரை கேள்வி இல்லை. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் மணிதான்.

இரவு படமெடுத்து முடிந்ததும் கேமராவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். உள்ளே புகாரி அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த லென்ஸின் மேல் ஈரம் கண்ணாடி டம்ளரில் வேர்ப்பதுபோல் வேர்த்துவிடும். வெளியிலேயே கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் மூடி, உள்ளே வைத்துவிட்டு, விடியும்வரை திறக்காதீர்கள். கார்டை முன்பே கழற்றாவிட்டால், நகலெடுக்கும் ஆசையில் பையை நடுவில் திறந்துவிடுவீர்கள்.


தாமிரபரணிக் கரையோன் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. 200-500 அலமாரிக்குப் போய்விட்டது. 70-300ஐ அலுவலக நண்பர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 11-16 வாடகைக்குக் கிடைக்கும்போல் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் செய்தி எனக்கு முற்றிலும் புதியது. பெட்டியின் உள்ளே இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன், 3,048 மீட்டர் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு சந்தேகம்: எஸ்.எஸ்.டி. வாங்கிய பிறகு, அந்த ஹார்டு டிஸ்கைத் தில்லியில் கடைசியாக நகலெடுக்க மட்டும் எடுத்துச்செல்லலாமா? லேயில் இயக்க மாட்டேன். மடிக்கணினியை விட்டுச்செல்லத்தான் இன்னும் மனம் வரவில்லை.


ஏட்டுக்கணக்கன் எழுதுகிறார்:

அணைந்த நிலையில் முனை தட்டின் மேல் இருக்காது என்பதால், உயரத்தால் கேடில்லை; இயங்காத நிலைக்கான வரம்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால், தில்லியில் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறீர்கள்? வீட்டுக்கு வந்ததும் நகலெடுக்கலாமே. அந்த எடைக்கு இன்னொரு பேட்டரி எடுத்துச்செல்லலாம்.


கருவேலங்காட்டான் எழுதுகிறார்:

மடிக்கணினி விஷயத்தில் நான் உடன்படவில்லை. ஹன்லேயில் முதல் இரவு எடுத்ததைப் பெரிய திரையில் பார்த்தால்தான் விண்மீன்கள் கூர்மையாக விழுந்தனவா என்பது தெரியும். தெரிந்தால் இரண்டாம் இரவில் திருத்திக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு உட்பட்ட மடிக்கணினி இருந்தால் நான் எடுத்துச்செல்வேன். இரண்டே கால் கிலோ உள்ளதை எடுத்துச்செல்ல மாட்டேன்.


முத்துநகராள் எழுதுகிறார்:

அதற்குக் கேமராவின் திரையே போதும் அண்ணா. நேரடிக் காட்சியில் பிரகாசமான விண்மீன் ஒன்றை முழுவதும் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்பிவிட்டு, வளையம் அசையாமல் ஒட்டு நாடாவை ஒட்டிவிட்டால், இரவு முழுவதும் கவலை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும். அதோடு, ஹன்லே 2022 முதல் இருள்வான் காப்பகம். வெள்ளை வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, மற்றவர்களும் அருகில் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே மடிக்கணினித் திரையைத் திறந்தால் திட்டு வாங்குவீர்கள். தலைவிளக்கும் சிவப்பு ஒளி உள்ளதாக இருக்கட்டும்.


தாமிரபரணிக் கரையோன் எழுதுகிறார்:

எஸ்.எஸ்.டி.யும் ஹப்பும் வந்துவிட்டன. ஆனால், தொலைபேசியில் இணைத்தால் கார்டு தெரிகிறது, எஸ்.எஸ்.டி. தெரியவில்லை. மடிக்கணினியில் நன்றாக வேலை செய்கிறது. ஹப் கெட்டதா, எஸ்.எஸ்.டி. கெட்டதா?


ஏட்டுக்கணக்கன் எழுதுகிறார்:

இரண்டும் கெட்டிருக்காது. வாங்கியதும் மடிக்கணினியில் ஃபார்மட் செய்தீர்களா? அப்போது என்.டி.எஃப்.எஸ். முறையில் ஆகியிருக்கும்; பல ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் அதைப் படிக்காது. எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட் 32 வேண்டாம், அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட காணொளிக் கோப்பு ஏறாது. பிறகு, நிறைந்த கார்டு ஒன்றை வைத்து, தொலைபேசி பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது சோதித்துப் பாருங்கள். முதல் முறை செய்வது பாங்காங்கில் இருக்கக் கூடாது.


தாமிரபரணிக் கரையோன் எழுதுகிறார்:

அதுதான் காரணம். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் தெரிந்துவிட்டது. கழுகுமலையில் எடுத்த பழைய படங்களைக் கார்டில் நிரப்பி, 42 ஜி.பி.யை நகலெடுத்தேன், ஹப்பில் பவர் பேங்கையும் இணைத்து, 19 நிமிடத்தில் முடிந்தது, எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போயின. துணைவியார் அழைத்ததில் ஒரு முறை பாதியில் நின்றது என்பதால், இனி நகலெடுக்கும் நேரத்தில் தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடப் போகிறேன். பையைச் சிறியதாக மாற்றியதும் கேமரா, நான்கு லென்ஸ், மூன்று பேட்டரி, சார்ஜர், பவர் பேங்க், ஹப், எஸ்.எஸ்.டி. அனைத்தும் சேர்ந்து நாலே கால் கிலோ வருகிறது. மடிக்கணினி மேசையில்தான் இருக்கிறது. மைத்துனர் தன் பையில் எடுத்துவருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன்.